சங்கத்து நாற்காலி

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்குச் சாவு வீடு என்றால் ஒரு தனிச் சுறுசுறுப்பு வந்துவிடும். இப்போது அதைப் பார்த்தால் எனக்குக் குமட்டுகிறது. அதே சுறுசுறுப்பைப் பார்த்துக் கண் கலங்கியவள்தான் நானும். அப்பா செத்தபோது நாங்கள் ஒரு துரும்பை நகர்த்தவில்லை. மரண உதவிச் சங்கம் வந்தது. கூடாரம் போட்டார்கள், நீல நாற்காலிகளை இறக்கினார்கள், பெரிய ரோட்டு வளைகிற முடக்கிலிருந்து, வரிசை வீடுகளான எங்கள் லயம் வரைக்கும் வெள்ளைக் கொடி கட்டினார்கள். வந்தவர்களுக்கெல்லாம் அவர்களே தேத்தண்ணி ஊற்றினார்கள். இப்படியும் மனுசர்கள் இருக்கிறார்களே என்று அன்றைக்கு நினைத்தேன்.

எல்ல என்கிற ஊருக்கு வேலைக்குப் போய்த்தான் தம்பி கெட்டான் என்பது அம்மாவின் கட்சி. வெள்ளைக்காரர்கள் தங்கும் ஒரு விடுதியில் படுக்கை விரிப்புகளைத் துவைக்கிற வேலை அவனுக்கு. எல்லவைக் குறை சொல்லி என்ன பயன்? அந்தப் பக்கமே போகாத பையன்கள் இங்கே பெரகலச் சந்தியில் த்ரீவீலுக்குள் உட்கார்ந்தே வாங்கிக்கொள்கிறார்கள். முதலில் போதைத் தூள், பிறகு ஐஸ். தம்பியும் அந்த வழியில்தான் போனான்.

உள்ளதைச் சொன்னால், அவனைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. குளிக்க மாட்டான். பல் கறுத்துவிட்டது. கையைச் சொறிந்து சொறிந்து புண்ணாக்கி, அந்தக் கையாலேயே சோற்றுச் சட்டிக்குள் துழாவுவான். வீட்டில் காஸ் சிலிண்டர் காணாமல் போனது. அம்மா கொழுந்து பறிக்கப் போகும்போது எடுத்துப்போகிற குடையும் போனது. குடையைக்கூடவாடா விற்பாய் என்று கேட்டதற்குப் பல்லைக் காட்டினான். அன்றைக்கெல்லாம் அம்மா மலையில் மழைக்கு நனைந்தாள். அன்றிரவு நான் அவனுக்குச் சோறு போடவில்லை.

"செத்துப் போறேன், அப்ப உங்களுக்கெல்லாம் நிம்மதிதானே" என்று அடிக்கடி சொல்வான். லயத்தில் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "குடிகாரன் குடிச்சிட்டுப் பாடுறான், இவன் குடிக்காமப் பாடுறான்" என்று பக்கத்து வீட்டுக் காம்பராக்காரர் சொல்ல, சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். சாகப் போகிறவன் சொல்லிக்கொண்டு திரிவானா என்று கேட்டார்கள். எல்லோரும் பெரிய டாக்டர்கள் மாதிரிதான் பேசினார்கள்.

பிறகு சங்கம் கூட்டம் போட்டது. பையன்களைத் திருத்தப் போகிறார்களாம். போதைக்காரன் செத்தால் சங்கம் வராது, கூடாரம் இல்லை, நாற்காலி இல்லை, கொடி இல்லை என்று சங்கத்துச் செயலாளர் எழுந்து சொன்னார். எல்லோரும் கை தூக்கினார்கள். எங்கள் வீட்டில் ஒரு குறையென்றால் முதலில் ஓடி வருகிற பொம்பளைகளும் தூக்கினார்கள். உயிரோடு இருக்கிற பையன்களை ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவோம் என்று ஒரு வாய்கூடத் திறக்கவில்லை. சாவைக் காட்டி வாழ வைக்கலாம் என்கிற யோசனை எங்கள் ஆட்களுக்கு மட்டும்தான் வரும்.

தம்பி வெளியே கட்டையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். "அக்கா, நான் செத்தா ஒரு கொடிகூட கெடையாதாம்" என்று வீட்டுக்கு வந்து சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவனாகவே எல்லாவற்றையும் நிறுத்தினான். போர்வையைச் சுற்றிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்தான். உடம்பு நடுங்கியது, வேர்த்தது, வாந்தி எடுத்தான். பிறகு அதுவும் ஓய்ந்து, பேசாமல் கிடந்தான். பையன் திருந்திவிட்டான் என்று அம்மா கோயிலில் தேங்காய் உடைத்தாள். எனக்கும் மனசு லேசானது. நான் அப்புத்தளை டவுனில் துணிக்கடை வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில் அவன் சாகப் பார்த்தான். அம்மா மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முந்தி வந்ததால் பிழைத்தான்.

என்ன செய்துகொண்டான் என்பதை எழுத மாட்டேன். எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். பஸ்ஸில் கேட்டார்கள், கடையில் கேட்டார்கள், தண்ணி பிடிக்கிற பீலிக்கரையில் குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்கள். "எப்பிடி? எதால?" என்று கேட்கும்போது கண்ணில் ஒரு பளபளப்பு. ஏன் என்று கேட்டவர் ஒருவருமில்லை. அந்தக் கண்களை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

பதுளையில் ஆஸ்பத்திரியில் இருந்தான். அங்கே தமிழ் பேசுகிற நர்ஸ் ஒருவர், துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புகிற அன்று என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"போதை எடுக்கிறவங்க சாகப் போறேன்னு சொன்னா யாரும் நம்புறதில்ல. அதுதான் பெரிய ஆபத்து. திடீர்னு நிறுத்துற நேரம் இன்னும் மோசம், மனசு அப்பிடியே விழுந்துரும். வீட்டுக்குப் போன புதுசுல தனியா விடாதீங்க. கிளினிக்குக் கூட்டிட்டு வாங்க. சாகணும்னு இருக்கான்னு நேராக் கேளுங்க. கேட்டா அந்த எண்ணம் வந்துருமோன்னு பயப்பட வேணாம்."

மருந்து வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். என் போனில் சார்ஜ் இல்லை. பெரகலச் சந்தியில் இறங்கி த்ரீவீல் பிடித்தோம். தோட்டத்து முடக்கில் திரும்பும்போது ரோட்டோரம் வெள்ளைக் கொடிகள் ஆடின.

"யாருண்ணே?" என்று தம்பி டிரைவரிடம் கேட்டான்.

"தெரியலியே தம்பி. நான் இந்தப் பக்கம் இன்னைக்குத்தான் வாறேன்."

"பாவம்" என்றான் தம்பி.

கொடிகள் எங்கள் லயத்துப் பக்கமே திரும்பின. எங்கள் வாசலில் கூடாரம். நீல நாற்காலிகள். உள்ளே அம்மாவின் ஒப்பாரி. த்ரீவீலிலிருந்து தம்பி காலை வெளியே வைத்தான், சனம் அப்படியே நின்றது.

நடந்தது இதுதான். பக்கத்துக் காம்பராக்காரர் அன்று காலை பதுளைக்கு வேறு வேலையாகப் போனவர், தம்பியையும் எட்டிப் பார்க்கலாம் என்று வார்டுக்குள் வந்திருக்கிறார். நாங்கள் மருந்துக்காகக் கீழே நின்ற நேரம் அது. கட்டிலில் ஆள் இல்லை, விரிப்பையும் உருவிவிட்டார்கள். போதைக்காரன், கட்டில் காலி என்றால் வேறென்ன என்று அவரே முடிவு கட்டி, யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் தோட்டத்துக்குப் போன் அடித்துவிட்டார். கேட்டிருந்தால் அந்த நர்ஸே பதில் சொல்லியிருப்பார்.

அம்மா தலைமயிர் அவிழ்ந்து ஓடி வந்து அவனை அடித்தாள், பிறகு கட்டிக்கொண்டாள், மறுபடியும் அடித்தாள். மற்றவர்களுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சிலரின் முகத்தில் நான் பார்த்தது ஏமாற்றம். இதை யார் மறுத்தாலும் எனக்குக் கவலையில்லை, நான் பார்த்தேன்.

"போதைக்காரனுக்குச் சங்கம் வராதுன்னீங்களே அண்ணே?" என்று செயலாளரிடம் கேட்டேன்.

"அதெல்லாம் பேச்சுக்குச் சொன்னது தங்கச்சி. செத்தவன் மேல நமக்கென்ன கோவம்? எல்லாரும் மனசு எறங்கி வந்துட்டோம்ல."

சொல்லிக்கொண்டே கூடாரத்துக் கயிற்றை அவிழ்க்கச் சைகை காட்டினார். "உக்காருங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்று நான் எல்லோரையும் கூப்பிட்டேன். சாவுக்கு வைத்த தேத்தண்ணியை எப்படிக் குடிப்பதாம். பெரிய கேத்தலோடு தூக்கிச் சாக்கடைக் கானில் ஊற்றினார்கள். காலையிலிருந்து எங்கள் அம்மாவோடு சேர்ந்து மாரடித்தவர்கள், அவள் மகன் உயிரோடு வந்து நிற்கிறபோது அவனுக்கு எதிரே ஒரு நிமிஷம் உட்கார முடியாமல் போனார்கள். எனக்கு வாயில் எச்சில் ஊறியது, துப்ப வேண்டும் போல இருந்தது.

கூடாரம் போனது, சனம் போனது. தம்பி எப்போது உட்கார்ந்தானோ, ஒரு நீல நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். நான் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன்.

"அக்கா, இம்புட்டுப் பேரும் எனக்காகவா வந்தாங்க?"

"ஆமா."

"செத்தா மன்னிச்சிருவாங்க போல."

அவன் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. நர்ஸ் சொன்னபடி நேராகவே கேட்டேன்.

"சாகணும்னு இன்னும் இருக்காடா?"

புண்ணான கையைச் சொறிந்தான். "இருக்குக்கா" என்றான். அவன் என்னிடம் உண்மை பேசி எத்தனையோ காலமாகியிருந்தது. நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அருவருப்பு இருந்தது, இருந்தும் பிடித்தேன். "நான் எங்கயும் போகல. மொதக் கிளினிக்குக்கு ரெண்டு பேரும் போறோம்" என்றேன்.

அப்போது செயலாளர் திரும்பி வந்தார். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், மனசு கேட்காமல் வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"தங்கச்சி, நாற்காலி ஒன்னு கொறையுது" என்றார்.

தம்பி உடனே எழுந்தான். கட்டியிருந்த சாரத்து நுனியால் நாற்காலியைத் துடைத்து, இரண்டு கையாலும் தூக்கி அவரிடம் நீட்டினான். அவரும் வாங்கக் கையை நீட்டினார். நான் பாய்ந்து பிடுங்கினேன். பழைய இடத்திலேயே தட்டென்று வைத்து, தம்பியின் தோளை அழுத்தி உட்கார வைத்தேன்.

"இது இவனுக்குன்னு கொண்டாந்ததுதானே அண்ணே? இருக்கட்டும்."

நாற்காலி இன்னும் எங்கள் வாசலில்தான் கிடக்கிறது. தம்பி முழுசாகத் திருந்திவிட்டான் என்று சொல்ல மாட்டேன். இடையில் ஒரு தரம் வழுக்கினான். மறுபடியும் கிளினிக்குக்குப் போகிறான். அந்தக் கேள்வியை இப்போதும் கேட்கிறேன். சில நாள் இல்லை என்கிறான், சில நாள் இருக்கு என்கிறான். இருக்கு என்கிற நாளில் நான் கடைக்குப் போவதில்லை.

தோட்டத்தில் யாராவது செத்தால் செயலாளர் ஆள் அனுப்பி நாற்காலியைக் கேட்கிறார். அதில் என் தம்பி உட்கார்ந்திருக்கிறான் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.