தொலைந்த பொருள் அறையில் என் தம்பி

என் தம்பி பதினாறு வருடம் பஸ் கண்டக்டர். வாய் ஓயவே ஓயாது. அவனுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதானபோது என்னுடையதில் ஒன்றைக் கொடுத்தேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. அவனுக்குக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பேன்?

ஆபரேஷனுக்குப் பிறகு கூட்டத்தில் வேலை கூடாது என்றதால், டிப்போவில் தொலைந்த பொருள் அறைக்கு மாற்றினார்கள். பஸ்ஸில் விட்டுப்போன குடை, சாப்பாட்டு டப்பா, எல்லாவற்றுக்கும் சீட்டு எழுதிக் கட்டுவான்: பொருள், தேதி, உரியவர். "செருப்புகூட ஒத்தையா வருதுக்கா. ஆளு எப்படித்தான் வீடு போய்ச் சேர்ந்தானோ" என்று மாஸ்க்குக்குள் சிரிப்பான்.

டாக்டரம்மா புரிகிற மாதிரி சொன்னார். உடம்பின் காவல் செல்களில் சில, வெளியாளைக் கண்டால் பாயும். சில, அவற்றைப் பிடித்து நிறுத்தும். "அக்காவோடதுன்னு அதுங்களுக்குத் தெரியாது. மாத்திரைதான் அதுங்க கையைக் கட்டி வைக்குது. ஆனா கையைக் கட்டினா கிருமியையும் அடிக்காது. எவ்வளவு கட்டணும், எப்போ தளர்த்தணும்னு ரத்தத்தைப் பாத்து நாங்க சொல்லுவோம்."

முதல் வருடமே நுரையீரலில் கிருமி. மாத்திரையைக் குறைத்து, தினமும் ரத்தம் பார்த்து, பதினோரு நாளில் காப்பாற்றினார்கள். அந்தப் பதினோரு நாளும் வராந்தா பெஞ்சில் கிடந்ததில் என் தையல் கம்பெனி வேலை போனது. அதை அவனால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

அடுத்த வருடம், நான் வேறு கம்பெனியில் சேர்ந்திருந்தபோது, மறுபடி காய்ச்சல். என்னிடம் மூச்சு விடவில்லை. காய்ச்சல் என்றால் மாத்திரையைக் குறைக்க வேண்டும் என்று பாதிப் பாடம் படித்திருந்தான் அல்லவா, அடியோடு நிறுத்திவிட்டான். ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் மாத்திரை அட்டையைப் பார்ப்பேன் என்று, தினமும் மாத்திரையைப் பிரித்து வெளியே கொண்டுபோயிருக்கிறான். காய்ச்சல் என்னவோ போய்விட்டது. பத்தாம் நாள் கால் வீங்கியது. கட்டவிழ்ந்த கைகள் கிருமியை முடித்துவிட்டு என் சிறுநீரகத்தின் மேல் பாய்ந்திருந்தன.

இனி அது வேலை செய்யாது என்று டாக்டரம்மா சொன்னதும் அவனிடம் போனேன்.

"ஏண்டா சொல்லல?"

"உனக்கு மறுபடி வேலை போயிடும்ல." சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். "உன்னோடதக் கெடுத்துட்டேன்க்கா."

அந்தச் சிறுநீரகத்தை எப்போதும் 'உன்னோடது' என்றுதான் சொல்வான். நான் இருந்த ஆத்திரத்தில், "ஆமா, கெடுத்துட்ட" என்றேன். பாவி, என் நாக்கு அன்று ஏன் அழுகிப் போகவில்லை? அதற்குப் பிறகு அவன் என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. ஏழு மாதம் டயாலிசிஸ். ஒரு காலையில் மிஷினில் இருக்கும்போதே இதயம் நின்றுவிட்டது.

பதினைந்து நாள் கழித்து, டிப்போவில் அவனோடு வேலை பார்த்தவர் ஒரு கவர் கொண்டுவந்தார். "அலமாரில இருந்துச்சும்மா. உங்களுதுன்னு போட்டிருக்கு."

உள்ளே ஒன்பது நாள் மாத்திரை. கவரில் அவன் கையெழுத்தில் ஒரு சீட்டு கட்டியிருந்தது. பொருள்: மாத்திரை. உரியவர்: அக்கா.

கடைசி வரியை அடித்துவிட்டு அவன் பேரை எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். உயிரோடு இருக்கும்போது 'அது உன்னோடதுடா' என்று ஒரு தடவை சொல்லியிருக்கலாம்.