வருமுன்னே இடம் ஒதுக்கிய சைக்கிள்

பிள்ளைகளே, நம்ம காஜா பேராங் கம்பத்து வீட்டில் விறகை வெளியே எடுத்துவிட்டு, வரப்போகும் சைக்கிளுக்கு மூலையில் அப்பா நான் இடம் பண்ணியது ஞாபகம் இருக்கா? மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த வருஷம், துரைமாருக்குக் கோல்ப் பை சுமக்கும் எங்களுக்குள்ளேயே ஒரு போட்டி வைத்தார்கள். பரிசு சைக்கிள்.

கடைசிக் குழிக்கு வந்தபோது, என்னோடு பை சுமக்கும் கூட்டாளி அஹ்மாட்டை விட நான்தான் முந்தியிருந்தேன். மனசோ அந்தச் சைக்கிளில் உங்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு தெங்கேரா ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. முன்னால் லாலாங் புல்லில் குனிந்து பந்து தேடிய அஹ்மாட்டைப் பார்க்காமல், குரலும் கொடுக்காமல் அடித்துவிட்டேன். பந்து அவன் தொப்பியைத் தட்டிக்கொண்டு போனது. நான் அவனிடம் ஓடினேன்.

அவன் தொப்பியை எடுத்து உதறி, "அண்ணே, பரிசு சைக்கிள்தான், என் தலை இல்லை!" என்று சிரித்தான். அடுத்த நிமிஷமே அதை மறந்து, தன் பந்தை மட்டும் பார்த்து அழகாக அடித்தான். நானோ அந்தத் தொப்பியையே நினைத்து அடித்துத் தவறவிட்டேன்; அவன் ஜெயித்தான். என்ன மனசு அது!

இப்போதெல்லாம் முன்னால் ஆள் இருக்கா என்று பார்த்து, குரல் கொடுத்து, காலடியில் கிடக்கும் பந்தை மட்டும் நினைத்து அடிக்கிறேன்.

போட்டி நடந்த அன்று சாயங்காலம் நீங்கள் கோயிலுக்குப் போயிருந்தபோது, விறகை மறுபடியும் அந்த மூலையில் அடுக்கி வைத்தேன்.