கோப்பை மாட்டும் ஆணி

ஊருக்குத் திரும்பி வந்த மறுநாள் காலை, என் சொந்த வீட்டில் தேயிலை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அடுப்படியில் ஒவ்வொரு டின்னாகத் திறந்து பார்த்தேன். ஒன்றில் பருப்பு, ஒன்றில் கருவாடு, ஒன்றில் என் வீட்டுக்காரர் வாடகைக்கு ஓட்டும் த்ரீவீலுக்கான நட்டும் போல்ட்டும். கடைசியில் மகளிடம் கேட்டேன்.

“முன் ரூம்ல இருக்கும்மா, டீவிக்குப் பக்கத்துல. நீங்க உக்காருங்க, நான் ஊத்திக் கொண்டாறேன்,” என்றாள்.

டீவிக்குப் பக்கத்தில் தேயிலை வைக்கிற வீட்டை எங்கே கண்டது? வந்த மறுநாளே வாயைத் திறக்க வேண்டாம் என்று பேசாமல் உட்கார்ந்தேன். பேசாமல் உட்காருவது எனக்குப் பெரிய வேலை.

வளைகுடாவில் ஒரு வீட்டில் ஆறு வருஷம் வேலை செய்துவிட்டு வந்திருந்தேன். மாத்தளையிலிருந்து புறப்படும்போது மகள் ஐந்தாம் வகுப்பு. ஒரு ஒப்பந்தம் முடிய இன்னொன்று. நடுவில் வரலாம் என்றிருந்த நேரத்தில் கொரோனா வந்து விமானமே ஓடவில்லை. போனதற்கு நான் வருத்தப்படுகிற ஆளில்லை. இந்த வீட்டுக் கூரை அந்த உழைப்பில் போட்டதுதான். ஆனால் அந்த வீட்டு அடுப்படியில் ஏலக்காய் எந்தத் தட்டில் எந்தப் போத்தலில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய நான், என் அடுப்படியில் திருட வந்தவள் மாதிரி மூடிகளைத் திறந்துகொண்டு நின்றேன்.

ஏன் என்று கேட்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன், பிறகு ஒவ்வொன்றாக விசாரிக்க ஆரம்பித்தேன். தேயிலை ஏன் அங்கே? அடுப்படிப் பிளக் பழுதாகி வருஷமாகிவிட்டது, கரண்ட் கேத்தல் முன் அறையில்தான் சுடும், அதனால் தேயிலையும் சீனியும் அங்கே போய்விட்டன. உப்பு டின் ஏன் பின்கதவடியில்? மழைக்குப் பின்னால் கொடியில் துணி எடுக்கப் போனால் காலில் அட்டை ஏறும். உப்பைத் தடவினால் விழும். சட்டி மூடிகளை எல்லாம் பழைய பள்ளிக்கூடப் பைக்குள் போட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்கவிட்டிருந்தார்கள். அதற்கு என்ன காரணம் என்று எவ்வளவு யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை.

“அப்பா ராத்திரி ஹயர் போயிட்டு வந்து பகல்ல தூங்குவாரும்மா. மூடி கீழ விழுந்தா முழிச்சிருவாரு,” என்றாள் மகள்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பைத்தியக்கார வீடு என்று நினைத்தேனே, ஒரு சாமான்கூடச் சும்மா கிடக்கவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. ஒரு காரணத்திலும் நான் இல்லை. அது சுருக்கென்று தைத்தது.

அதைவிடத் தைத்தது வேறொன்று. வந்து இரண்டு மாதமாகியும் மகள் என்னோடு ஒரு தரமாவது சண்டை போடவில்லை. சோறு போட்டால் எனக்குத்தான் முதலில் போடுவாள், அதுவும் விருந்தாளிக்கென்று வைத்திருந்த பூப்போட்ட பீங்கானில். நான் என்ன சொன்னாலும் “சரிம்மா”, “பரவாயில்லம்மா”. பக்கத்து வீட்டார் தங்கமான பிள்ளை என்றார்கள். எனக்கு அந்தத் தங்கம் வேண்டாம். சின்னதில் சட்டைக்கு ஒரு பொத்தான் இல்லாவிட்டால் வீட்டை இரண்டாக்குவாள். இப்போதும் அப்பாவோடு ரிமோட்டுக்கு, போன் சார்ஜருக்கு, வாளித் தண்ணீருக்கு எல்லாம் மல்லுக்கு நிற்கிறாள். என்னிடம் மட்டும் வாய் திறப்பதில்லை.

ஒருநாள் வேண்டுமென்றே பருப்பில் உப்பை அள்ளிப் போட்டேன். என்னதான் செய்வாள், பார்ப்போமே என்று.

என் வீட்டுக்காரர் ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தார். “என்னா, கடலயே காய்ச்சிட்டியா?”

மகள் தண்ணீரைக் குடித்துக் குடித்துப் பீங்கானைக் காலி செய்தாள். “நல்லாருக்கும்மா,” என்றாள். அன்றைக்குக் கிணற்றடிக்குப் போய் நன்றாக அழுதேன். பெற்ற பிள்ளை எனக்கு மரியாதை செய்கிறாளே என்று அழுத தாய் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அந்த அடுப்படியில் என் கை பட்டதாக ஏதாவது ஒன்று இருக்கவேண்டும் என்று அப்போதுதான் பிடிவாதம் வந்தது. அவர்களுடைய ஒழுங்கைக் கலைக்க நான் விரும்பவில்லை. ஆனால் கேட்டுக் கேட்டுப் பார்த்ததில் காரணமே இல்லாமல் கிடந்த சாமான் ஒன்று அகப்பட்டது. பீங்கானும் கோப்பையும். கழுவியதும் அடுப்படித் திண்டின் மேல் ஈரத்துணியில் கவிழ்த்து வைப்பார்கள், அங்கேயே கிடக்கும். “சும்மாதாம்மா, வைக்க எடமில்ல,” என்றாள் மகள். அப்பாடா என்றிருந்தது. அவற்றை அடுக்கி வைக்க ஒரு ராக்கை செய்துவிடுவது என்று முடிவெடுத்தேன்.

அலுவிகாரையில் யாரோ வீடு திருத்துகிறார்கள் என்று, உடைத்த ஜன்னல் நிலையைக் கொண்டுபோய்க் கொட்டும்படி என் வீட்டுக்காரரின் த்ரீவீலில் ஏற்றிவிட்டிருந்தார்கள். அவர் அதைக் கொட்டாமல் என்னிடம் கொண்டுவந்தார். வீட்டுப் பின்னால் தம்புள்ளையிலிருந்து மரக்கறி வந்த மரப்பெட்டிகள் இரண்டு, அடிப்பலகை போய்க் கிடந்தன. இவ்வளவுதான் மரம்.

வேலையைத் தொடங்காமல் அரை நாள் அந்த ஜன்னல் நிலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே நீலப் பெயின்ட். சுரண்டினால் பச்சை, அதற்கும் கீழே பால் வெள்ளை. எத்தனை குடும்பம் இருந்து போன வீடோ? ஒரு கட்டையின் நடுவில் அரை வட்டமாக ஒரு தேய்மானம். கொக்கி ஆடி ஆடி அரைத்ததாக இருக்கவேண்டும். காற்று அவ்வளவு அடிக்கிற பக்கம் பார்த்த ஜன்னல் போலும். வாளை வைத்து இழுத்ததும் மஞ்சள் மஞ்சளாகத் தூள் கொட்டியது. உள்ளங்கையில் எடுத்து மோந்து பார்த்தேன்.

“பலா,” என்றார் என் வீட்டுக்காரர். “இப்ப இத வெட்டணும்னா பர்மிட் எடுக்கணும். ஓசியில கெடச்சிருக்கு, பாத்து அறு.”

“பாத்துத்தான் அறுக்கிறேன். நீங்க அந்தப் பக்கம் புடிங்க, அது போதும்.”

பலகைகளை இணைத்து அலமாரி பூட்டுவது எனக்குப் புதிதில்லை. நான் வேலை செய்த வீட்டுக்குக் கட்டில், மேசை எல்லாம் தட்டையான பெட்டிகளில் பலகைகளாக வந்து இறங்கும். உள்ளே ஒரு தாள், எழுத்தே இல்லாமல் படம் மட்டும் போட்டது. அந்த வீட்டில் அதைப் பார்த்துப் புரிந்துகொண்டது நான் ஒருத்திதான். வளைந்த சின்னச் சாவியை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் நானே பூட்டினேன். ஆனால் அங்கே ஓட்டைகள் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தன. இந்தக் கட்டைகளில் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை, வேண்டாத இடமெல்லாம் ஓட்டை. ஒரு பலகையை மூன்று விதமாகத் திருப்பிப் பார்த்துத்தான் வெட்டவேண்டி வந்தது. அது எனக்குப் பிடித்தே இருந்தது.

ஜன்னலின் நீளக் கட்டைகள் இரண்டும் நிமிர்ந்த கால்கள், என் தலைக்கு மேல் ஒரு முழம் போகிற உயரம். குறுக்கே பெட்டிப் பலகைகள், பீங்கான்கள் சாய்ந்து நிற்க இடைவெளி விட்டு. தையல் டேப்பால் அளந்தேன். மரத்திலிருந்து பிடுங்கிய ஆணிகளை அம்மியில் வைத்துத் தட்டி நிமிர்த்தினேன்.

“அம்மி மொளகா அரைக்கவா, ஆணி நிமித்தவா?” என்று கேலி செய்தார் என் வீட்டுக்காரர்.

“ரெண்டுக்கும். இன்னிக்கு ஒங்களுக்கு ஆணிச் சம்பல்தான்.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகள் டியூஷனுக்குப் போயிருந்த நேரம் முடித்து நிறுத்தினேன். லேசாக ஆடியது, ஒரு காலுக்கு அட்டைத்துண்டு மடித்து வைத்தேன். கடைசியாக, கோப்பைகள் தொங்க ஒரு காலில் சாய்வாக மூன்று ஆணி அடித்தேன். மேலே அவருக்கு, நடுவில் எனக்கு, கீழே மகளுக்கு. ஆளுக்கு ஆள் கைக்கு எட்டவேண்டுமே. கோப்பைகளையும் மாட்டிவிட்டேன்.

அவர் வந்து பார்த்தார். மேலிருந்து கீழே வரை பார்த்தார். கீழ் ஆணியைப் பார்த்தபடியே கொஞ்ச நேரம் நின்றார். “நல்லாத்தான் இருக்கு,” என்று சொல்லிவிட்டுப் பின்கதவால் வெளியே போய்விட்டார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

பின்னேரம் மகள் வந்தாள். ராக்கையைப் பார்த்து, “அழகா இருக்கும்மா. நீங்களே செஞ்சீங்களா?” என்றாள். வழக்கமான மரியாதை. தேத்தண்ணி ஊற்றத் தன் கோப்பையைத் தேடினாள். திண்டில் தேடினாள், ராக்கையின் மேல்தட்டில் தேடினாள். பிறகுதான் குனிந்து பார்த்தாள்.

“இது ஏன் இங்க இருக்கு?”

“ஒன்னோட கப்புதான். ஒனக்கு எட்டணுமில்ல.”

சொல்லிவிட்டுத்தான் அவள் முகத்தைப் பார்த்தேன். பார்ப்பதற்கு நான் அண்ணாந்து பார்க்கவேண்டியிருந்தது. ஆறு வருஷம் போனில் பார்த்ததெல்லாம் முகம். முகம் வளர்ந்தது தெரியும். போனில் ஆளின் உயரம் தெரியாது. வந்து இரண்டு மாதமாக எதிரே நடமாடுகிறாள், என்னைவிட நெடுப்பம் என்று கண்ணுக்குத் தெரியும்தான். ஆனால் சுத்தியலைப் பிடித்த என் கை அதைக் கேட்கவில்லை. அது பாட்டுக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டுகிற இடத்தைத் தேடிப்போய் ஆணியை அடித்துவிட்டது.

மகளின் முகம் சிவந்தது.

“எட்டணுமா? நான் என்ன சின்னப் பிள்ளயா? ஓ.எல். பரீட்ச எழுதப் போறேன். கப்பு எடுக்கத் தெனமும் குனியவா?” என்றாள். குரல் ஏறிக்கொண்டே போனது. “யாரக் கேட்டு இங்க அடிச்ச? ஒரு வார்த்த என்னயக் கேட்டியா? எல்லாம் நீ நெனச்சதுதான். நீ பாட்டுக்குப் போன, நீ பாட்டுக்கு வந்த, இப்ப நீ பாட்டுக்கு ஆணி அடிக்கிற.”

பின்கதவில் அவர் நின்றார். உள்ளே வரவில்லை.

சுத்தியலின் பின்பக்கத்தை மாட்டி அந்த ஆணியைப் பிடுங்கினேன்.

“எங்க வேணும்? காட்டு,” என்றேன்.

கையை நன்றாக மேலே தூக்கினாள். அப்பாவின் ஆணிக்கும் மேலே, கட்டையின் நுனிக்குக் கிட்ட விரலை வைத்தாள். கோபத்தில் எவ்வளவு எட்டுமோ அவ்வளவு எட்டி வைத்தாள். “இங்க.”

எக்கிப் பார்த்தேன், ஆணி அடிக்க எனக்கு எட்டவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன். அது ஒரு பக்கம் சரிந்தது. சட்டென்று வந்து இரண்டு கையாலும் ஸ்டூலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் ஆணி அடித்து முடிக்கும்வரை திட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை.