நிழலில் விரித்த குடை

மன்னார் நகரத்துப் பெரிய பள்ளிக்கூடமொன்றில் ஆறாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறேன். ஓர் ஆண்டு தொடக்கத்தில், எங்கள் மன்னார்த் தீவின் ஆரம்பப் பாடசாலை ஒன்றின் ரீச்சர் தினமும் தன் வேலைக்குப் போகும் வழியில் எங்கள் வாசலில் வந்து நிற்பார். ஒல்லியான உருவம், வெளுத்த சேலை. வேப்பமர நிழலிலும் பச்சைக் குடையை விரித்தே பிடித்திருப்பார்.

"நிழலில ஏன் குடை, ரீச்சர்?"

"தகப்பன் கடலுக்குப் போய்த் திரும்பாத பிள்ளை ஒண்டை உங்களிட்ட அனுப்பியிருக்கிறன். ஆரோடயும் கதைக்காது. யன்னலால பாத்தால் நான் நிக்கிறது தெரியோணும்."

உண்மைதான். அந்தப் பிள்ளை குடையைப் பார்த்த பிறகுதான் புத்தகத்தைத் திறப்பாள்.

மாசியில் ஒருநாள் அவள் வரவில்லை. தாயும் பிள்ளையும் படகேறி இந்தியாவுக்குப் போய்விட்டார்களாம். மறுநாளும் வாசலில் குடை விரிந்திருந்தது. இறங்கிப் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"ஓம், கேள்விப்பட்டனான்." குடையை அவர் மடக்கவில்லை. "அங்கயும் புதுப் பள்ளிக்கூடந்தானே. வாசல்ல ஆர் நிப்பினம்?"

மணி அடித்ததும் போய்விட்டார். பிறகு வரவேயில்லை. வெறும் வேப்பமரத்தை ஒருமுறை பார்த்த பிறகுதான் நான் இப்போது புத்தகத்தைத் திறக்கிறேன்.