துப்பாக்கியை மாற்றச் சொன்னேன்

சுதந்திரம் வந்த மறுவருஷம் ஸ்ரீவில்லிபுத்தூர் வாசகசாலையில் ஒரு விவாதக் கூட்டம் நடந்தது. நம் தேசத்திலேயே செய்யும் ராணுவத் துப்பாக்கியை மாற்ற வேண்டுமா, வேண்டாமா என்பது தலைப்பு. மாற்றியே ஆக வேண்டும் என்று பேச ராஜபாளையத்திலிருந்து என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துபவன். துப்பாக்கியைப் போலீஸ்காரர் தோளில் பார்த்ததோடு சரி. ஒரு பத்திரிகைக் கட்டுரையை மனப்பாடம் செய்துகொண்டு போய் அரைமணி நேரம் முழங்கினேன்.

பேசி முடித்ததும் கடைசி வரிசையில் ஒருவர் எழுந்தார். மம்சாபுரத்துக்காரர், பர்மா சண்டையில் அதே துப்பாக்கியோடு நின்றுவிட்டு வந்தவர். தன் குடையை என்னிடம் நீட்டினார்.

"சார்வாள், அதை எப்பிடிப் பிடிச்சிச் சுடணும்னு செத்த காட்டுங்க."

மறுக்க வழியில்லை. குடையின் வளைந்த பிடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கண்களையும் இறுக மூடிக் குறி பார்த்தேன். கூட்டம் சிரித்த சிரிப்பில் தலைவர் மேஜையைத் தட்டியது யாருக்கும் கேட்கவில்லை.

மம்சாபுரத்துக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "சார்வாள் சொன்னது நெசந்தான். ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை இழுத்துத் தள்ளணும். மழைச்சேத்துல அது எம்புட்டுச் செரமம்னு எனக்குத் தெரியும். மாத்தத்தான் வேணும்" என்று சபையைப் பார்த்துச் சொன்னார். பிறகு என் பக்கம் கை காட்டி, "புதுசு வந்தாலும் இவிய கையில மட்டும் குடுத்திராதீய" என்றார்.

கை தூக்கச் சொன்னபோது எங்கள் கட்சிதான் வென்றது. எனக்குப் போட வந்த மாலையை அவர் கழுத்தில் போடுங்கள் என்று நானே சொல்லிவிட்டு, ராஜபாளையம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.