ஒரு சாண் இருட்டு

எட்டு மாதம் பேசாமல் இருந்தவன் ஒரு வியாழக்கிழமை காலையில் செய்தி அனுப்பினான். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கொரட்டூரில் அவன் குடியிருப்பின் கீழ்த்தள மண்டபத்தில் படம் போடுகிறார்கள், கண்டிப்பாக வர வேண்டும், சாப்பிடாமல் வாருங்கள், டிபன் இருக்கிறது என்று எழுதியிருந்தான். கடைசியில் இன்னொரு வரி இருந்தது. "அந்தத் துண்டையும் எடுத்துட்டு வாங்கண்ணா."

அந்தக் கடைசி வரியில் நான் நின்று யோசிக்கவில்லை. மேலே இருந்த வரிகளே எனக்குப் போதுமானவையாக இருந்தன.

துண்டு என்பது ஒரு சாண் நீளமுள்ள பிலிம். முப்பது வருடத்துக்குப் பக்கமாக என் பர்ஸில் ரேஷன் கார்டு ஜெராக்ஸுக்குப் பின்னால் மடங்காமல் இருக்கிறது. பர்ஸ் ஏழெட்டு மாறிவிட்டது.

நான் எட்டாவது வரை படித்தவன். அதற்கப்புறம் அம்பத்தூர் எஸ்டேட்டில் வார்ப்புப் பட்டறை, பூந்தமல்லியில் லாரி கிளீனர், செங்கல் சூளை, கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுவது என்று போனது. ஒரு இடத்திலும் இரண்டு வருடம் தங்கியதில்லை. யாரும் துரத்தவில்லை, எனக்குக் கால் நிற்காது. அந்த வரிசையில்தான் ஆவடி தாண்டி முத்தாபுதுப்பேட்டையில் ஒரு கொட்டகையில் சேர்ந்தேன். பழைய பிலிமைக் கழுவி வெள்ளி எடுக்கும் இடம்.

கறுப்பு வெள்ளைப் படத்தின் கறுப்பு என்பது வெள்ளிதான். இதை அங்கே போய்த்தான் தெரிந்துகொண்டேன். சரக்கு மூட்டையாக வரும். வந்ததும் டப்பா தனி, சுருள் தனி. டப்பா இரும்புக் கடைக்குப் போகும். படத்தின் பெயர், எந்த ஊர், எத்தனையாவது பாகம் என்பதெல்லாம் டப்பாவின் மேல் ஒட்டிய சீட்டில்தான் இருக்கும். ஆகவே முதல் அரைமணியிலேயே படத்துக்குப் பெயர் போய்விடும். அதற்கப்புறம் அது வெறும் எடை.

அடுத்தது மாதிரி எடுப்பது. மூட்டைக்கு ஒரு சுருளைப் பிரித்து, மிகக் கறுப்பாக இருக்கும் இடமாகப் பார்த்து ஒரு சாண் வெட்டி மேஸ்திரியிடம் கொடுக்க வேண்டும். அவர் அதைக் கரைத்துப் பார்த்து எவ்வளவு தேறும் என்று சொல்வார். வெயில் அடிக்கும் காட்சி எங்களுக்கு உதவாது. இரவு, நிழல், கறுப்புக் கோட்டு போட்ட ஆள், இவைதான் சரக்கு.

ஒரு நாள் தட்டு அளவில் பன்னிரண்டு சிறிய சுருள்கள் வந்தன. ஒன்றைப் பிரித்துக் கறுப்பான இடம் தேடி வெட்டி, வெளிச்சத்தில் பிடித்தேன். விரல் நகம் அளவுக்கு வரிசையாகப் படங்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண். ஒரு கதவு. தாழ்ப்பாளின் மேல் அவள் கை. அவள் முகம் எனக்கு என்னவோ தெரிந்த முகம் மாதிரி இருந்தது. தூங்காமல் இருந்த முகம்.

"இன்னாடா, மூஞ்சியவே பாத்துகினு கீறே?" என்றார் மேஸ்திரி. "அவளா வந்து உனக்குச் சோறு போடப் போறா?"

"இது சரியில்ல நைனா, வேற வெட்றேன்" என்றேன். வேறு சுருளில் ஒரு சாண் வெட்டிக் கொடுத்தேன். முதலில் வெட்டிய துண்டைப் பர்ஸில் வைத்துக்கொண்டு, அந்தப் பெண் இருந்த சுருளை யூரியா சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டேன். மற்றப் பதினொன்றையும் அந்த வாரம் நான்தான் கழுவினேன். கொதிக்கும் காஸ்டிக் சோடாத் தண்ணீரில் போட்டு மூங்கிலால் கிண்டினால் படம் கரைந்து கறுப்புக் குழம்பாக அடியில் இறங்கிவிடும். மேலே கண்ணாடி மாதிரி வெறும் பட்டை மிதக்கும். அது சட்டைக் காலருக்குள் வைக்கப் போகிறது என்று சொன்னார்கள். கையில் தோல் உரிந்தது. அங்கே எல்லாருக்கும் உரியும்.

அந்தச் சாக்கு என்னோடு எல்லா ஊருக்கும் வந்தது. புளித்த காடி மாதிரி ஒரு வாசனை அடிக்க ஆரம்பித்தது. என் மனைவி பிரிந்து போனபோது பாத்திரம், கட்டில், மிக்ஸி எல்லாவற்றையும் பங்கு போட்டோம். சாக்கை மட்டும் அவள் கேட்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் கொரட்டூரில் தண்ணீர் கேன் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு குடியிருப்பில் மூன்றாவது மாடி. கதவைத் திறந்தவன் முப்பத்தைந்து வயதுக்காரன், கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. கேனைத் தோளில் வைத்தபடியே நின்றுவிட்டேன். அவன் பின்னால் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் அவள் இருந்தாள்.

"எறக்கி வைங்கண்ணா, தோள் வலிக்கப் போவுது."

"இந்தப் பொம்பளைய எனக்குத் தெரியும்."

அவன் சிரித்தான். "நான் பொறக்கறதுக்கு முன்னாடி வந்த இங்கிலீஷ் சீரியல்ணா அது. லண்டன்லயே இப்ப யாரும் பாக்க முடியாது. டேப் மிச்சம் புடிக்கறதுக்காக அது மேலயே வேற எதையோ பதிஞ்சிட்டாங்க. வெளிநாட்டு டிவிக்கு அனுப்புன பிலிம் பிரதியும் எங்கயோ போயிடுச்சு. போட்டோவும், எழுதி வெச்ச கதையும்தான் மிச்சம். பன்னெண்டு பாகம், ஒண்ணு கூட இல்ல."

"எங்கிட்ட ஒண்ணு கீது."

அவன் சிரிப்பு நின்றது. சோபாவில் உட்காரச் சொன்னான். அந்தக் குடியிருப்பில் நாற்பது வீட்டுக்குத் தண்ணீர் போட்டிருக்கிறேன், உட்காரச் சொன்ன முதல் வீடு அது. கொட்டகையைப் பற்றி எல்லாம் சொன்னேன். மற்றப் பதினொன்றை நான் கழுவியதையும் சொன்னேன். அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். அப்புறம், "நீங்க இன்னாண்ணா பண்ணுவீங்க, உங்களுக்கு எப்படித் தெரியும்" என்றான். அந்தப் பேச்சுக்காகத்தான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாக்கை எடுத்துக்கொண்டு போனேன்.

மூன்று ஞாயிறு அவன் வீட்டில் சாப்பிட்டேன். கதையைச் சொன்னான். கடலோரத்தில் தனியாக விடுதி நடத்தும் பெண். நம்பி உள்ளே விட்டவர்களிடமே இரண்டு தடவை ஏமாந்தவள். இனி யாருக்கும் கதவு திறப்பதில்லை என்று சபதம் போட்டவள். அப்படியும் ஒரு மழை இரவில் கதவு திறக்கிறது, உள்ளே வந்தவர்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். எழுதி வைத்த தாளில் 'கதவு திறக்கிறது' என்று மட்டும் இருக்கிறதாம். யார் திறந்தது? தம்பியா, கணவனா, வேலைக்காரியா? இதற்கு உலகம் முழுக்க ஆட்கள் உட்கார்ந்து சண்டை போடுகிறார்கள் என்றான். இப்படிப் பழைய இங்கிலீஷ் சீரியலுக்கென்று சென்னையில் ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. என்னையும் அதில் சேர்த்தான்.

பர்ஸிலிருந்த துண்டையும் காட்டினேன். டியூப்லைட்டில் தூக்கிப் பிடித்தான். "ஒரே இருட்டா இருக்கு, ஒண்ணும் தெரியல. நீங்களே ஞாபகத்துக்கு வெச்சிக்கோங்க" என்று திருப்பிக் கொடுத்தான். எந்த இடத்தில் வெட்டியது என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சுருளைப் பெரிய மெஷினில் போட்டுப் பிரதி எடுக்க வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்றான். வாங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"படம் ஓடற அன்னிக்கு மொத ஆளா நீங்கதான் பாக்கறீங்க. நாம ரெண்டு பேரு, வேற ஒருத்தர் கிடையாது. சத்தியமா."

நான் கேட்டது அவ்வளவுதான். அவள் நகர்ந்து நான் பார்த்ததில்லை. அவள் குரல் எனக்குத் தெரியாது.

அதற்கப்புறம் அவன் போன் எடுப்பது குறைந்தது, பிறகு நின்றது. அந்த வீட்டில் தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் வைத்துவிட்டார்கள், இனி கேன் வேண்டாம் என்று வாட்ச்மேன் சொன்னார். நான் குத்தம்பாக்கத்தில் புது பஸ் நிலையம் பக்கம் காவல் வேலைக்குப் போய்விட்டேன். அங்கே ஒரு மத்தியானம் குழுவில் ஒரு அறிவிப்பு வந்தது. குழுவிலிருந்து என்னை எடுக்க மறந்திருந்தான். படத்தில் அவன் சுருளைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நின்றான். சுருளுக்குப் புது டப்பா போட்டிருந்தார்கள். இங்கிலீஷைப் போனிலேயே தமிழாக்கிப் பார்த்தேன். தொலைந்த பாகம் கிடைத்துவிட்டது, லண்டனில் ரசிகர்கள் கூடி முதல் காட்சியைப் பார்த்தார்கள், டிஸ்க்காகவும் வரப்போகிறது. துறைமுகத்தில் வெள்ளைக்காரர்களிடம் வேலை பார்த்த தன் தாத்தாவின் மரப்பெட்டியில் சுருளைக் கண்டெடுத்ததாக அவன் சொல்லியிருந்தான். கூட்டம் அழுதது என்றும் போட்டிருந்தது.

தாத்தா என்ற வரியை மூன்று தடவை தமிழாக்கிப் பார்த்தேன். மூன்று தடவையும் தாத்தாதான் வந்தார்.

இவ்வளவுக்கப்புறமும் ஞாயிற்றுக்கிழமை போனேன். கூப்பிட்டுவிட்டான் அல்லவா, எல்லார் முன்னாலும் சொல்லப் போகிறான் என்று நினைத்தேன். இருந்த ஒரே வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுப் போட்டுக்கொண்டேன்.

மண்டபத்தில் ஐம்பது பிளாஸ்டிக் நாற்காலி. வெயில் கொளுத்தும் நாளில் ஒருவர் வெள்ளைக்காரன் மாதிரி கம்பளிக் கோட்டு போட்டு மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். டிபன் என்றது ரொட்டிக்கு நடுவில் வெள்ளரிக்காய். பால் தனி, டீத்தண்ணீர் தனி. என் பக்கத்தில் அம்பத்தூரிலிருந்து வந்த ரிட்டயர்டு டீச்சர் அம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். எனக்கு இங்கிலீஷ் வராது என்று தெரிந்ததும் அவரே மெதுவாகக் கதை சொல்லிக்கொண்டு வந்தார்.

அவள் நடந்தாள். இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தாள். அது துண்டில் தெரியாது. குரல் மெல்லியதாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். கரகரவென்று, காலையில் டீ குடிப்பதற்கு முன் பேசுகிற குரல். எனக்கு அது பிடித்தது.

பிறகு மழை இரவு. கதவை நோக்கிப் போகிறாள். திரை சட்டென்று கறுப்பானது, இங்கிலீஷில் ஒரு வரி வந்தது, மறுபடி படம் வந்தபோது கதவு திறந்து கிடந்தது. கூட்டம் மொத்தமும் 'ச்சே' என்றது.

"இந்த இடம்தான் தம்பி" என்றார் டீச்சர். "ஒரு செகண்டுதான். யார் திறந்தாங்கன்னு கடைசி வரைக்கும் தெரியாமலே போச்சு. எவனோ ஒரு பாவி வெட்டியிருக்கான்."

"ஆமாம்மா" என்றேன்.

விளக்கு போட்டதும் அவன் மைக் எடுத்தான். தாத்தா வந்தார், துறைமுகம் வந்தது, பெட்டியைத் திறந்தபோது அடித்த காடி வாசனை கூட வந்தது. வாசனையை மட்டும் அவன் என்னிடமிருந்து அப்படியே எடுத்திருந்தான். அடுத்த மாதம் லண்டனில் ரசிகர் விழா, தன்னை மேடைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், அங்கே எல்லாருக்கும் தூக்கிவாரிப் போடும் ஒரு விஷயத்தைக் கொண்டு போகிறேன் என்றான். கை தட்டினார்கள். அப்போதுதான் துண்டைப் பற்றி வியாழக்கிழமை வந்த கடைசி வரி எனக்குச் சரியாகப் படிக்க வந்தது.

வண்டி நிறுத்தும் இடத்தில் என்னைப் பிடித்தான்.

"எடுத்துட்டு வந்தீங்களாண்ணா?"

"என்னப் பத்தி ஒரு வார்த்த சொல்லல."

"சொன்னா இன்னா ஆவும்? எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேப்பாங்க. மீதி பதினொண்ணு எங்கன்னு கேப்பாங்க. நீங்கதான் வென்னீர்ல போட்டு கழுவுனீங்கன்னு சொல்லட்டுமா? உங்கள காப்பாத்தத்தான் நான் தாத்தாவ இழுத்தேன்."

அதில் ஒரு நியாயம் இருப்பது போலத்தான் பட்டது. அவன் யோசித்து வைத்திருந்தான்.

"சொல்லு" என்றேன். "கழுவுனதும் நான்தான், எடுத்து வெச்சதும் நான்தான். ரெண்டையும் சொல்லு. துண்ட தர்றேன்."

"அதெல்லாம் அங்க புரியாதுண்ணா."

"மொத ஆளா நான் பாக்கணும்னு சொன்னியே."

"அதான் பாத்துட்டீங்கல்ல." கையை நீட்டினான். "குடுங்க. பிரதி எடுத்துட்டுத் திருப்பிக் குடுத்துடறேன், சத்தியமா."

பர்ஸ் என் பின்பாக்கெட்டில் இருந்தது. "தொலஞ்சி போச்சு" என்றேன்.

"எங்க?"

"அதையும் கழுவிட்டேன்னு வெச்சிக்கோ."

கொஞ்ச நேரம் என் சட்டைப் பையைப் பார்த்தான், பிறகு முகத்தைப் பார்த்தான். உள்ளே போனான். நான் ரயில் நிலையத்துக்கு நடந்து சேருவதற்குள் குழுவிலிருந்து என்னை எடுத்திருந்தான்.

பிளாட்பாரத்தில் நல்ல வெயில். துண்டை எடுத்துத் தூக்கிப் பிடித்தேன். அவள் காலை இழுத்து வந்து நின்றது இப்போது எனக்குத் தெரியும். தாழ்ப்பாளில் அவள் கை. அடுத்த படத்தில் தாழ்ப்பாள் பாதி நகர்ந்திருக்கிறது. அடுத்ததில் முழுக்க. கடைசி நாலைந்தில் கதவு ஒரு விரல் அளவு விலகியிருக்கிறது. அறையில் வேறு யாரும் இல்லை. முப்பது வருடமாக நான் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

படிக்கட்டில் டீச்சர் அம்மா மூச்சு வாங்க வந்துகொண்டிருந்தார். துண்டைப் பர்ஸில் வைத்தேன். பக்கத்தில் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"நான் தம்பிக்காரன்தான் திறந்தான்னு சொல்றேன். எங்க வீட்டுக்காரர் இருந்த வரைக்கும் வேலைக்காரின்னே சொல்லிக்கிட்டு இருந்தார். உங்களுக்கு என்ன தோணுது?"

"அவளேதாம்மா தொறந்தா."

பாஷை தெரியாதவனைப் பார்த்துச் சிரிப்பது போல அன்பாகச் சிரித்தார். "எப்படி தம்பி? ரெண்டு தடவ அவ்வளவு பட்டவ. மறுபடி அவளே போய்த் திறப்பாளா?"

நான் குனிந்து, இஸ்திரி போட்ட என் வெள்ளைச் சட்டையைப் பார்த்தேன். ஆவடி ரயில் வந்துகொண்டிருந்தது.