மூன்றாவது மாடியில் நாலு ஃப்ரிட்ஜ்

நீலமேகத்துக்குப் பதினெட்டு வருஷமாக ஒரு ஆத்திரம். வியாசர்பாடி போர்டு குடியிருப்பில் வீடு ஒதுக்கச் சீட்டுக் குலுக்கினபோது அவனுக்குத் தரைத்தளம் விழுந்தது, சொக்கம்மாளுக்கு மூன்றாவது மாடி. சீட்டு டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றவன் சொக்கம்மாளின் புருஷன் மனோகரன். அதில் ஏதோ கோல்மால் நடந்தது என்று நீலமேகம் இன்றைக்கும் சொல்வான். அதுவும் கத்தித்தான் சொல்வான். துறைமுகத்தில் கன்டெய்னர் வண்டி ஓட்டி, இஞ்சின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, தொண்டை அந்த உச்சத்திலேயே நின்றுபோனது. அவன் ரகசியம் பேசினாலே எதிர் பிளாக்கில் ஜன்னல் திறக்கும்.

ஆத்திரம் ஒருபக்கம் கிடக்க, புயல் என்று செய்தியில் சொன்னதுமே ஃப்ரிட்ஜைக் கயிறு கட்டி மாடிக்கு ஏற்றுகிற முதல் ஆளும் அவன்தான். தரைத்தளத்து நாலு வீட்டுச் சாமானும் மழைக்காலத்தில் சொக்கம்மாள் வீட்டுக்குத்தான் போகும். அந்த பிளாக்கில் அது வழக்கம். அவளும் ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை.

காலையில் பிளாக் வாசலில் இட்லி விற்கிறவள் சொக்கம்மாள். இரண்டு வருஷத்துக்கு முன் மனோகரனுக்கு ஒரு பக்கம் கைகால் இழுத்துக்கொண்டது. தனியார் பராமரிப்பு இல்லம் ஒன்றில் நாற்பது நாள் வைத்துப் பார்த்தாள். மனுஷன் எழுந்து உட்கார்ந்தான், குச்சி ஊன்றி நடந்தான், கேரம் போர்டில் கள்ளாட்டம் ஆடுகிற அளவுக்குத் தேறிவிட்டான். காதில் கிடந்ததை விற்றுக் கட்டியது போக ஒரு லட்சத்து இருபதாயிரம் பாக்கி நின்றது. இல்லத்துக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். கோர்ட்டிலிருந்து வந்த தாளை அவள் அரிசி டப்பாவுக்கு அடியில் செருகிவிட்டாள். யாரையாவது படிக்கச் சொன்னால் விஷயம் வெளியே போய்விடும் என்று வெட்கம். அவள் வராததால் கோர்ட்டும் இல்லத்துக்காரர்கள் பக்கமே தீர்ப்பெழுதிவிட்டது.

சாமானைப் பறிமுதல் செய்யக் கோர்ட் ஊழியரான அமீனா வந்தது கார்த்திகை மாதத்தில். பிளாக் வாசலில் முழங்கால் தண்ணீர். அமீனா தவசிமுத்து பேன்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு முன்னால் வர, இல்லத்தின் ஆள் ஷூவைக் கையில் பிடித்தபடி பின்னால் வந்தான். மூச்சு வாங்க மூன்று மாடி ஏறிக் கதவைத் தள்ளினால் உள்ளே நாலு ஃப்ரிட்ஜ், ஐந்து டிவி, ஏழு மிக்சி, இரண்டு வாஷிங் மெஷின். அத்தனைக்கும் நடுவில் கட்டிலில் மனோகரன் ஜமீன்தார் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

“கையில காசில்லன்னு சொன்னாங்க சார். கடையே வச்சிருக்காங்களே” என்றான் இல்லத்தின் ஆள். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

சேதி கேட்டு நீலமேகம் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினான். சொக்கம்மாள் மேல் வழக்கு இருப்பதே அப்போதுதான் அவனுக்குத் தெரியும். சாமானெல்லாம் கீழ்வீட்டுக்காரர்களுடையது என்று கத்தினான். பில் எங்கே என்று கேட்டார் அமீனா. பில்லெல்லாம் போன வருஷத் தண்ணீரிலேயே போய்விட்டது. தன் ஃப்ரிட்ஜில் கீழ்த்தட்டு உடைந்து கம்பி போட்டுக் கட்டியிருக்கும், உள்ளே நேற்று வைத்த வஞ்சிரக் குழம்பு இருக்கும் என்று அடையாளம் சொன்னான். திறந்து பார்த்தார். கம்பியும் இருந்தது, குழம்பும் இருந்தது. ஆனால் அக்கம்பக்கத்தார் பேசிவைத்துக்கொண்டு இப்படிச் சொல்வதுண்டு, எடுத்துப் போகிறேன், கோர்ட்டில் மனுப் போட்டு மீட்டுக்கொள்ளுங்கள் என்றுவிட்டார் அமீனா. மீட்க எத்தனை மாதமாகுமோ. வாசற்படியில் நின்ற நாலு வீட்டுப் பெண்களும் உள்ளே வந்து அவரவர் ஃப்ரிட்ஜை மறித்துக்கொண்டார்கள்.

நீலமேகத்துக்குத் தலைக்கேறிவிட்டது. ஒவ்வொன்றாகத் தட்டி, இது சில்வியா வீட்டுது, இது சுஹைப் பாய் வீட்டுது என்று சொல்லிக்கொண்டே வந்தவன், மூலையிலிருந்த பெரிய டிவியையும் தட்டி, “இதுவும் என்னுதுதான் சார்” என்றான்.

அதுவரை சுவரோரம் நின்ற சொக்கம்மாள் முன்னே வந்தாள்.

“இல்ல சார். அவன் சும்மா சொல்றான். அது என்னுது. இவரு வேலைய வுட்டு நின்னப்போ வந்த துட்டுல வாங்குனது. எழுதிக்கோ சார்.”

“யக்கோவ், நீ இன்னா லூசா?” என்றான் நீலமேகம்.

“என் கடனுக்கு என் சாமான எழுதட்டும் நைனா. உன் ஃப்ரிட்ஜு எதுக்குப் போவணும்?”

அமீனா எழுதுவதை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். இருபது வருஷ வேலையில், இதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. பிறகு நிதானமாக எழுதினார்: டிவி ஒன்று. கட்டிலையும் சமையல் பாத்திரத்தையும் சட்டம் எடுக்கவிடாது. மற்றவை வெள்ளத்துக்குப் பயந்து கீழ்வீட்டார் வைத்தவை, நேரில் விசாரித்தேன் என்றும் எழுதினார். நாலு வீட்டாரும் கையெழுத்துப் போட்டார்கள். அந்த ஒற்றை டிவியையும் தண்ணீரில் தூக்கிப்போக ஆளில்லை. அதை அவள் பொறுப்பிலேயே விட்டார்கள்.

போகிறபோது அமீனா ஆறு இட்லி சாப்பிட்டார். வக்கீலுக்குப் பணமில்லாதவர்களுக்குக் கோர்ட்டிலேயே இலவச சட்ட உதவி உண்டு, தள்ளிப்போடாமல் உடனே போங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். இல்லத்தின் ஆளும் நாலு இட்லி சாப்பிட்டான், ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

இலவச வக்கீலாக வந்த பெண் யசோதரா, சின்ன வயசு, கெட்டிக்காரி. தீர்ப்பை நிறுத்த மனுப் போட்டு, வழக்கை மக்கள் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனாள். இட்லி விற்று வருவது எவ்வளவு, மனோகரன் மாத்திரைக்குப் போவது எவ்வளவு என்று கணக்குக் காட்டினாள். இல்லத்துக்காரர்கள் வட்டியை விட்டுக்கொடுத்தார்கள். மாதம் ஆயிரத்து ஐநூறு, பத்தாம் தேதிக்குள் கட்ட வேண்டும் என்று முடிவானது. டிவியும் தப்பியது. கூடப் போயிருந்த நீலமேகத்தை, மெதுவாகப் பேசும்படி கோர்ட் டவாலி இரண்டு முறை அதட்டினான்.

திரும்பும்போது பஸ்ஸில் சொக்கம்மாள் அந்த முடிவு எழுதிய தாளை நாலாக மடித்து அவன் சட்டைப்பையில் வைத்தாள்.

“இத நீயே வச்சுக்க நைனா. நானு வச்சா திரும்ப டப்பாவுக்கு அடில தள்ளிருவேன்.”

“நான் வச்சு?”

“மாசம் அஞ்சாந்தேதி ஆச்சுன்னா எங்க வூட்டு வாசல்ல வந்து நின்னுகினு, துட்டு கட்னியான்னு கத்து. பிளாக்கு பூரா கேக்குறாப்ல கத்து.”